கோயில் சுவரில் நிறம் எப்படி நிற்கிறது? நெல்லைச் சீமை ஓவியங்களை வைத்து ஓர் எளிய விளக்கம்

குற்றாலத்துச் சித்திர சபையையோ திருப்புடைமருதூர்க் கோபுரத்தையோ பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் அந்த ஓவியங்களைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "எல்லாம் பச்சிலைச் சாறு. அதனாலதான் இத்தனை வருஷமா அழியல." பயணக் குறிப்புகளும் காணொளிகளும் இதையே திருப்பிச் சொல்கின்றன.

இந்தப் பதிலில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. அந்த நிறங்களில் பெரும்பகுதி மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் வந்தவை. செடியின் பங்கு வேறு இடத்தில் இருக்கிறது. அடுத்தது, ஓவியத்தை நூற்றாண்டுகள் தாண்டி நிறுத்துவது நிறத்துக்குப் பின்னால் இருக்கிற சுண்ணாம்புப் பூச்சு. இது ஏதோ ஏட்டுத் தகராறு இல்லை. சாறுதான் காப்பாற்றுகிறது என்று நம்புகிற ஊரில் மேல்தளம் ஒழுகுவதை யாரும் அவசரமாகப் பார்ப்பதில்லை. ஒழுகுகிற ஒரு மழைக்காலம் முந்நூறு வருட வேலையைக் கரைத்துவிடும்.

பச்சிலைச் சாறு ஏன் தாங்காது

ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு கலந்தால் சிவந்துபோவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஈரச் சுண்ணாம்பு கடுமையான காரத்தன்மை உள்ளது. செடியிலிருந்து வரும் சாயங்களில் பல அந்தக் காரத்தில் நிறம் மாறும் அல்லது சிதையும். மஞ்சளை ஈரச் சுவரில் பூசினால் மஞ்சளாக இருக்காது. இலைச் சாற்றின் பச்சைக்கு வெயிலே பகை. பறித்த இலை சில நாளில் பழுப்பதுபோல, சாறும் பழுத்துப் பிறகு வெளிறிவிடும்.

சுண்ணாம்போடு ஒத்துப்போவது மண் நிறங்கள். சிவப்புக்குச் செங்காவி. அதன் நிறம் இரும்பு ஆக்சைடால் வருவது; திசையன்விளை, உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டு மணலைச் சிவப்பாக்கியிருப்பதும் அதே இரும்புதான். மஞ்சளுக்கு மஞ்சள் காவி. அதில் இரும்பு ஆக்சைடோடு நீரும் சேர்ந்திருக்கிறது. மஞ்சள் காவியைச் சுட்டால் அந்த நீர் போய்ச் சிவக்கும். பச்சைக்கு ஒருவகைப் பச்சை மண். கறுப்புக்கு விளக்குக் கரியும் அடுப்புக் கரியும். வெள்ளைக்குச் சுண்ணாம்பே போதும். இப்படிப் பொடியாக இருந்து நிறம் தருகிற பொருளை நிறமி என்கிறோம். நிறமி தண்ணீரில் கரையாது, மிதந்துதான் நிற்கும். சாயமோ கரையும். அந்த ஒரு வேறுபாடே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

செடியிலிருந்து வந்து சுவரில் உண்மையாகவே இடம்பிடித்த நிறம் என்றால் முதலில் சொல்ல வேண்டியது அவுரி நீலம். அதுவும் உலர்ந்த சுவரில், பிசினோடு சேர்த்துத் தீட்டும்போதுதான் நிற்கும். கல்லிலிருந்து எடுக்கும் நீலமும் உண்டு. அஜந்தாவில் காண்பது லாபிஸ் லசூலி என்ற நீலக்கல்லின் பொடி.

பழைய வீட்டுச் சிவப்புத் தரை

நெல்லைப் பக்கத்துப் பழைய வீடுகளில் சிவப்பு ஆக்சைடு தரை இருக்கும். கொத்தனார் சிமென்ட் பூச்சு ஈரமாக இருக்கும்போதே செம்பொடியைக் கலந்து கரணையால் தேய்த்து மெருகேற்றியிருப்பார். ஐம்பது வருடம் தினமும் துடைத்தாலும் சிவப்பு போகாது, ஏனென்றால் அது தரையின் மேல்தோலுக்குள்ளேயே சிறைப்பட்டிருக்கிறது. அதே தரையில் பின்னாளில் பெயிண்டால் ஒரு கோலம் போட்டிருப்பார்கள். அது இரண்டு மூன்று வருடத்தில் செதில் செதிலாக உரியும். பெயிண்ட் தரையின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறதே தவிர, தரையோடு சேரவில்லை.

கோயில் சுவரோவியத்திலும் இந்த இரண்டு வழிகள்தான். பூச்சு ஈரமாக இருக்கும்போது தீட்டி, நிறத்தைப் பூச்சுக்குள் சிறைப்பிடிப்பது ஒன்று. அதை ஈரச்சுதை ஓவியம் என்போம். பலரும் ஃப்ரெஸ்கோ என்று சொல்வது இதைத்தான். பூச்சு காய்ந்த பிறகு நிறமியை ஒரு பசையில் குழைத்து மேலே ஒட்டவைப்பது மற்றொன்று. அது உலர்சுதை ஓவியம்.

சிவப்புத் தரையோடு உள்ள ஒற்றுமை ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகுவது. அதனால்தான் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறோம். சுண்ணாம்பு காற்றோடு சேர்ந்து இறுகுவது. அது எப்படி என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், மொத்த விஷயத்தின் அடிப்படையே அங்கேதான் இருக்கிறது.

கல் மீண்டும் கல்லாவது

தாழையூத்துப் பக்கத்தில் தோண்டி எடுக்கும் சுண்ணாம்புக்கல்லும், தூத்துக்குடிக் கடற்கரையில் கிடைக்கும் சிப்பியும் கிளிஞ்சலும் அடிப்படையில் ஒரே பொருள்: கால்சியம் கார்பனேட். காளவாசலில் இட்டுச் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். தூய கல் 100 கிலோ சுட்டால் 44 கிலோ வாயுவாகப் போய், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும்.

அதைத் தண்ணீரில் போட்டால் கொதிக்கும், வெடித்துப் பொடியும், 18 கிலோ தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு 74 கிலோ ஆகும். இதற்கு நீற்றல் என்று பெயர். சுவரில் பூசுவது இந்த நீற்றிய சுண்ணாம்பைத்தான்.

பூசிய பிறகு எதிர்த்திசையில் வேலை நடக்கிறது. காற்றிலிருக்கும் கரியமில வாயு ஈரப் பூச்சுக்குள் நுழைந்து சுண்ணாம்போடு சேர்கிறது. 44 கிலோ வாயு திரும்ப வந்து சேர, 18 கிலோ தண்ணீர் வெளியேற, மறுபடியும் 100 கிலோ கால்சியம் கார்பனேட். சூளைக்குப் போன கல் சுவரில் கல்லாகத் திரும்பியிருக்கிறது.

ஓவியத்துக்கு வேண்டியது இந்தத் திரும்புதல் நடக்கும் நேரம். பூச்சு உலரும்போது, உள்ளே இருக்கும் தண்ணீர் கரைந்த சுண்ணாம்பைச் சுமந்துகொண்டு மேற்பரப்புக்கு வரும். அங்கே காற்றைச் சந்தித்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படிகத் தோலாக இறுகும். அப்போது மேலே தண்ணீரில் குழைத்துத் தீட்டிய காவிப் பொடி இருந்தால் அதையும் சுற்றி வளைத்துக்கொண்டு இறுகும். பசை எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. சுண்ணாம்பே பசை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: நிறம் மண்ணிலிருந்து வருகிறது. சுட்டு நீற்றிய சுண்ணாம்பு காற்றை வாங்கிக் கல்லாக மாறும்போது அந்த நிறத்தைப் பிடித்துக்கொள்கிறது. இந்த மாற்றம் நடக்க ஈரமும் காற்றும் இரண்டும் வேண்டும்.

சுவரைத் தயாரிப்பது

ஓவியத்தின் ஆயுளில் பெரும்பங்கு தூரிகையைத் தொடுமுன்பே முடிவாகிவிடுகிறது. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கு அடியில் வாரக்கணக்கில், முடிந்தால் மாதக்கணக்கில் ஊறவிட வேண்டும். அவசரப்பட்டால் நீறாத சிறு கட்டிகள் பூச்சுக்குள் தங்கி, பிறகு ஈரம் பட்டதும் உப்பி வெடிக்கும். ஓவியத்தின் முகத்தில் நடுவே சிறுபள்ளம் விழுவது சில இடங்களில் இதனால்தான்.

மணல் ஆற்று மணலாக, களிமண் இல்லாமல் அலசியதாக இருக்க வேண்டும். உப்பு ஏறிய மணல் கூடவே கூடாது. அடிப்பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு முதல் மூன்று பங்கு மணல் என்பது பொதுவான கணக்கு. சுண்ணாம்பு கூடினால் பூச்சு சுருங்கி வெடிப்பு விடும்; மணல் கூடினால் பொருபொருத்து உதிரும். மேற்பூச்சில் மணலைக் குறைத்துச் சலித்த நுண்மணலாகச் சேர்த்து, சில மில்லிமீட்டர் கனத்துக்கு இழுத்து மெருகேற்றுவார்கள்.

செடிகளின் உண்மையான வேலை இங்கேதான். கடுக்காயையும் கருப்பட்டியையும் தண்ணீரில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, அந்த நீரை விட்டுச் சாந்தை அரைப்பார்கள். கருப்பட்டியின் சர்க்கரை, தண்ணீரில் சுண்ணாம்பு அதிகமாகக் கரைய உதவுகிறது, பூச்சு இறுகுவதையும் தாமதப்படுத்துகிறது. கடுக்காயின் துவர்ப்புச் சத்து சாந்தைப் பிடிப்பாக்குகிறது, பூஞ்சையையும் ஓரளவு தடுக்கிறது. மூலிகை என்று மக்கள் காலங்காலமாகச் சொல்லி வருவதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த மூலிகை நிறத்தில் இல்லை, பெரும்பாலும் காரைக்குள் இருக்கிறது.

பூசுமுன் சுவரை நன்றாக நனைக்க வேண்டும். காய்ந்த செங்கல் பூச்சின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் சுண்ணாம்புக்குக் கல்லாக நேரம் கிடைக்காது. வெறும் மாவாக நிற்கும். பங்குனி வெயிலும் வறண்ட காற்றும் இந்த வேலைக்கு ஆகாது.

ஈரத்தில் தீட்டுவதும் உலர்ந்த பின் தீட்டுவதும்

ஈரச்சுதையில் நேரம்தான் எல்லாம். மிக முன்னாலேயே தொட்டால் தூரிகை சுண்ணாம்பையும் சேர்த்து இழுத்து நிறம் பால்போல் வெளிறும். மேல்தோல் இறுகிய பிறகு தீட்டினால் பொடி மேலேயே நின்று, விரலில் ஒட்டிக்கொண்டு வரும். இரண்டுக்கும் நடுவே கிடைப்பது சில மணி நேரம். அதனால் அன்றைக்குத் தீட்ட முடிகிற அளவுக்கு மட்டுமே மேற்பூச்சு பூச வேண்டும். பிழை வந்தால் அழித்துத் திருத்த வழியில்லை. அந்தப் பகுதியைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டியதுதான்.

தஞ்சைப் பெரிய கோயிலில் 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்கள் இந்த ஈரச்சுதை முறையில் ஆனவை என்று, சென்னை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய வேதியியலாளர் எஸ். பரமசிவன் ஆராய்ந்து சொன்னார். அவற்றின் மேல் நாயக்கர் காலத்தில் புதுப் பூச்சு பூசி வேறு ஓவியம் தீட்டியிருந்தார்கள். மேலுள்ளது பெயர்ந்த இடங்களில் அடியில் சோழர் ஓவியம் தெரிந்தது. இடையே ஒரு குறிப்பு: கண்ணாடிச் சட்டத்தில் தங்கத் தகடு மின்ன விற்கும் தஞ்சாவூர் ஓவியத்துக்கும் இதற்கும் தொழில்நுட்பத்தில் உறவே இல்லை. அது மரப்பலகையில் துணி ஒட்டிச் செய்யும் பிற்காலக் கலை.

உலர்சுதையில் அவசரம் இல்லை. பூச்சு காய்ந்து, அதன்மேல் சுண்ணாம்பு வெள்ளை அடித்து, காவியால் உருவங்களுக்குக் கோடு போட்டு, இடங்களைத் தட்டையாக நிறத்தால் நிரப்பி, கடைசியாகக் கறுப்பில் வெளிக்கோடு இழுத்துக் கண் திறப்பார்கள். நிறமியைச் சுவரோடு ஒட்டவைக்கும் பொருளைப் பிணைப்பான் என்கிறோம். வேம்பு, கருவேலம் போன்ற மரங்களின் பிசின், தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரம் ஆகியவை இதற்குப் பயன்பட்டன. பிசின் குறைந்தால் நிறம் பொடியாக உதிரும். கூடினால் காயும்போது சுருங்கி, தன்னோடு நிறத்தையும் சுருட்டிக்கொண்டு உரியும். கைப்பக்குவம் என்று சொல்வது இந்த அளவைத்தான்.

தமிழ்நாட்டு நாயக்கர் காலச் சுவரோவியங்களில் பெரும்பாலானவை உலர்சுதை வகை. இதைக் குறைவாக நினைக்க வேண்டாம். ஆடையின் சரிகைப் பூவும் குதிரைச் சேணத்தின் மணியும் அத்தனை நுணுக்கமாக வந்ததற்கு, நிதானமாகத் தீட்டக் கிடைத்த அந்த நேரமே காரணம். ஆனால் பிசின் தண்ணீரில் கரையும். காவலுக்கு ஆள் வேண்டும் என்று அதற்கு அர்த்தம்.

சுருக்கமாக: ஈரச்சுதையில் சுண்ணாம்பு பிடிக்கிறது, உலர்சுதையில் பிசின் பிடிக்கிறது. முன்னது நீரைத் தாங்கும், திருத்தம் தாங்காது. பின்னது திருத்தம் தாங்கும், நீரைத் தாங்காது.

நம் பக்கத்தில் எங்கே பார்க்கலாம், எப்படிப் பார்க்கலாம்

இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கும் குற்றாலத்தில், குற்றாலநாதர் கோயிலிலிருந்து சற்றுத் தள்ளித் தெப்பக்குளத்தோடு நிற்கிறது சித்திர சபை. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று. இங்கே அவர் செப்புச்சிலையாக இல்லாமல் சுவரில் தீட்டிய ஓவியமாகவே வழிபடப்படுகிறார். அருவிச் சாரலின் ஈரம் தங்கும் ஊரில் சுவரோவியத்தையே மூலமாக வைத்திருப்பது, அதைக் காக்கும் பொறுப்பை இரட்டிப்பாக்குகிறது.

கடையநல்லூருக்கு அருகே திருமலாபுரத்தில் பாண்டியர் காலக் குடைவரை ஒன்று இருக்கிறது. விதானத்தில் மிஞ்சியிருப்பது துண்டு துண்டான நிறத் தடங்கள்தான். ஆனால் பாறைமேல் பூசிய பூச்சு எவ்வளவு மெல்லியது, எங்கே விட்டுப்போகிறது என்று அடுக்கடுக்காகப் பார்க்க இதைவிட நல்ல பாடம் இந்தப் பக்கத்தில் கிடையாது.

தாமிரபரணிக் கரையில் உள்ள திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயிலுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். கோபுரத்தின் ஐந்து நிலைகளிலும் உட்சுவர் முழுக்க நாயக்கர் கால ஓவியம், கூடவே செதுக்கிய மரத்தூண்கள். புராணக் கதைகளோடு, போர்க்களமும், கப்பலில் குதிரைகள் வந்து இறங்கும் காட்சியும் இருக்கின்றன. கோபுரத்தின் உள்ளே நேர்வெயிலும் மழையும் படாததால் இவை இவ்வளவு மிஞ்சின. உள்ளே போக அனுமதி கிடைத்தால் கைவிளக்கைச் சுவருக்கு நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மேடுபள்ளம், வெடிப்பு, உப்பிய இடம் எல்லாம் நிழலாக எழும். நிறம் உதிர்ந்த விளிம்பைக் கவனியுங்கள்: மெல்லிய தோல் மட்டும் போய் அடியில் வெள்ளைப் பூச்சு முழுசாக இருந்தால் அது உலர்சுதைக்கு அடையாளம். ஈரச்சுதையில் பெரும்பாலும் நிறம் தனியே உரியாது, காரையோடு சேர்ந்துதான் பெயரும். உறுதியாகச் சொல்ல ஆய்வுக்கூடச் சோதனை வேண்டும். ஆனால் கண்ணுக்கு இது நல்ல தொடக்கம். கையால் மட்டும் தொட வேண்டாம். விரலின் வியர்வை பிசினை இளக்கும்.

கெடுப்பவை

முதல் பகை உப்பு. மேல்தளத்திலிருந்தோ அடித்தளத்திலிருந்தோ சுவருக்குள் ஏறும் நீர், செங்கல்லிலும் மண்ணிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வரும். நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாக வளரும். அந்த இடம் ஓவியத்துக்குச் சற்றுப் பின்னால் அமைந்துவிட்டால், படிகம் நிறத்தைப் பின்னாலிருந்து தள்ளி உடைக்கும். சுவரில் வெள்ளை பூப்பது என்று சொல்வது இதைத்தான். துடைத்தால் போய்விட்டதுபோல் தெரியும். அடுத்த மழைக்கு மறுபடி பூக்கும்.

இதில் மிகப் பெரிய தவறு, திருப்பணியின்போது ஓவியத்துக்குப் பக்கத்து வெடிப்பைச் சிமென்டால் அடைப்பது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் அடர்த்தியானது, அவ்வளவாக விடாது. கூடவே தன் உப்பையும் கொண்டுவரும். வழி அடைபட்ட ஈரம் பக்கத்திலிருக்கும் ஓவியத்தின் வழியாகத்தான் வெளியேறும். நல்ல எண்ணத்தோடு பூசிய சிமென்ட் பட்டையைச் சுற்றி ஓவியம் வட்டமாக உதிர்ந்து கிடப்பதற்குக் காரணம் இதுதான். சுண்ணாம்புச் சுவரை சுண்ணாம்பால் மட்டுமே செப்பனிட வேண்டும்.

பளபளப்புக்காக வார்னிஷ் அடிப்பதும் இதே வகைக் கேடு. வருடங்களில் பழுப்பேறி நிறத்தை மறைக்கும், ஈரத்தையும் உள்ளே பூட்டும். கோபுர நிலைகளில் வௌவால் எச்சம், சன்னிதிகளில் கற்பூர, எண்ணெய்ப் புகை, இவையும் உண்டு. புகைக்கரியைப் போக்க ஈரத்துணியால் துடைத்தால் உலர்சுதை ஓவியத்தில் கரியோடு பிசினும் நிறமும் சேர்ந்து வந்துவிடும்.

எதை மீண்டும் தீட்டலாம், எதைத் தீட்டக் கூடாது

சுடலைமாடன், இசக்கியம்மன் கோயில்களில் கொடை விழாவுக்கு முன்னால் பீடத்துக்கு வெள்ளையடித்துக் காவிப்பட்டை இழுப்பது நம் பக்கத்து வழக்கம். அங்கே புதுப்பிப்பதுதான் மரபு. வருடாவருடம் ஏறும் நிறமே அந்தக் கலையின் உயிர், பழைய படையைக் காப்பாற்ற வேண்டிய தேவை அங்கே இல்லை. ஒரு வேண்டுகோள் மட்டும்: எனாமல் பெயிண்டுக்குப் பதிலாகச் சுண்ணாம்பும் காவியுமே அடியுங்கள். பீடம் ஈரத்தை வெளியே விடும், உரியாது, செலவும் குறைவு.

இந்த வழக்கத்தைப் பழைய சுவரோவியத்துக்குக் கொண்டுபோவதுதான் ஆபத்து. குடமுழுக்கு வருகிறது, மங்கலாகத் தெரிகிறது என்று பழைய கோட்டின் மேல் புது நிறம் ஏற்றினால், அடியிலிருந்த பழைய ஓவியரின் கைவேலை அதோடு போயிற்று. அங்கே செய்ய வேண்டியது ஒழுக்கை அடைப்பது, உதிரும் இடங்களைப் பயிற்சி பெற்ற பாதுகாப்பு வல்லுநரைக் கொண்டு ஒட்டவைப்பது, மங்கலை மங்கலாகவே விடுவது. வேலை தொடங்குமுன் சுவர் முழுவதையும் நல்ல வெளிச்சத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துவைக்கச் சொல்லிக் கோயில் நிர்வாகத்திடம் கேட்பது பக்தர்கள் யாரும் செய்யக்கூடியது.

ஓர் ஓட்டில் செய்து பார்க்க

படிப்பதைவிடக் கையால் செய்தால் வேறுபாடு உடனே விளங்கும். நாட்டு ஓடு ஒன்றை ஓர் இரவு தண்ணீரில் ஊறவிடுங்கள். நீற்றி ஊறிய சுண்ணாம்புக் குழம்பு ஒரு பங்கு, சலித்த ஆற்று மணல் இரண்டு பங்கு சேர்த்து, கையில் ஒட்டாத பதத்துக்கு அரைத்து, ஓட்டின் மேல் அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பூசுங்கள். கடையில் நாள்பட்டுத் திறந்து கிடந்த சுண்ணாம்புத் தூள் உதவாது. அது மூட்டைக்குள்ளேயே காற்றை வாங்கிக் கல்லாகியிருக்கும்.

விரல் நுனியால் மெதுவாக அழுத்தும்போது தடம் விழாமல், ஆனால் ஈரம் தெரிகிற நிலை வந்ததும், தண்ணீரில் மட்டும் குழைத்த காவியால் ஒரு பாதியில் பட்டை இழுங்கள். நிழலில் வையுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபாதியில் அதே காவியைப் பிசின் இல்லாமல் ஒரு பட்டை, கருவேலம் பிசின் கரைத்த நீரில் குழைத்து இன்னொரு பட்டை. அவ்வப்போது லேசாகத் தண்ணீர் தெளித்து இரண்டு மூன்று வாரம் விட்டு, மூன்றையும் முதலில் காய்ந்த விரலாலும் பிறகு ஈர விரலாலும் தேய்த்துப் பாருங்கள். பிசின் இல்லாமல் உலர்ந்த பின் இழுத்த பட்டை காய்ந்த விரலுக்கே வரும். பிசின் பட்டை காய்ந்த விரலுக்கு நிற்கும், ஈர விரலுக்கு இளகும். ஈரத்தில் இழுத்தது ஈர விரலுக்கும் அசையாது. அசைந்தால் தீட்டியது தாமதமாகிவிட்டது, அல்லது ஓடு ஈரத்தைக் குடித்துவிட்டது. அடுத்த ஓட்டை இன்னும் நன்றாக ஊறவைத்துச் செய்யுங்கள்.

சுட்ட சுண்ணாம்பை நீங்களே நீற்றுவதானால் பிளாஸ்டிக் வாளி வேண்டாம், மண்தொட்டியோ இரும்பு வாளியோ எடுங்கள். தண்ணீரில் சுண்ணாம்பைச் சிறுகச் சிறுகப் போடுங்கள். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். கண்ணில் தெறித்தால் கசக்காமல் ஓடும் தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சிறுவர்களைப் பக்கத்தில் விடாதீர்கள்.